எல்லோருக்கும் இரண்டாவது விருப்பம்: பைரூவை வைத்துப் பிரெஞ்சு மையவாதம்

யாரோடு தனியாக மோதவிட்டாலும் ஜெயிக்கக்கூடிய ஒருவர், அதே தேர்தலில் மூன்றாவதாக வந்து வெளியேற முடியுமா? முடியும். 2007இல் பிரான்சின் அதிபர் தேர்தலில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. கடைசிச் சுற்றில் வலதுசாரி நிக்கோலா சார்கோசியை எதிர்த்து நின்றால் அவர் ஜெயிப்பார், சோசலிஸ்ட் செகொலேன் ருவாயலை எதிர்த்து நின்றாலும் அவரே ஜெயிப்பார் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. கடைசிச் சுற்றுக்குள் நுழையத்தான் அவரால் முடியவில்லை. அவர் பெயர் ஃபிரான்சுவா பைரூ. பிரெஞ்சு அரசியலில் 'மையம்' என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அரசியல் அகராதியைவிட இவர் கதையைச் சொல்வதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மையம் வேறு, நடுநிலை வேறு. நடுநிலை என்பது நீதிபதிக்கு இருக்க வேண்டிய குணம். எந்தப் பக்கமும் சாயக்கூடாது. மையவாதி அப்படிப்பட்டவர் அல்ல, அவருக்கும் பக்கம் உண்டு. பிரெஞ்சு மையவாதிகளை எடுத்துக்கொண்டால் ஐரோப்பிய ஒன்றியம் வேண்டும், சந்தைப் பொருளாதாரம் வேண்டும், அதோடு சமூகப் பாதுகாப்பும் வேண்டும், எல்லா அதிகாரமும் பாரிசில் குவியக் கூடாது என்பார்கள். பலருக்குக் கத்தோலிக்கப் பின்புலம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ரொபேர் ஷூமான் இந்த மரபில் வந்தவர்தான். இவர்கள் நடுவில் இருப்பது கருத்தே இல்லாததால் அல்ல. இவர்கள் கருத்தில் பாதி வலதுக்குப் பிடிக்கும், மீதிப் பாதி இடதுக்குப் பிடிக்கும் என்பதால்தான்.

இடது, வலது என்ற சொற்களே பிரான்சில் பிறந்தவை. 1789இல் அரசருக்கு வீட்டோ அதிகாரம் கொடுக்கலாமா என்று அவையில் விவாதம் வந்தபோது, கொடுக்கலாம் என்றவர்கள் தலைவரின் நாற்காலிக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். சில ஆண்டுகளில் இன்னொரு பெயரும் சேர்ந்தது. உயரமான வரிசைகளில் உட்கார்ந்த, தீவிர மாற்றம் கேட்டவர்களுக்கு 'மலை' என்று பெயர். கீழே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்து ஓட்டுப் போட்டவர்களுக்குச் 'சமவெளி' என்று பெயர், வேண்டாதவர்கள் வாயில் அது 'சதுப்பு'. கால் வைத்தால் புதைந்துபோகும் இடம் என்ற அந்தக் கேலி இருநூறு ஆண்டுகள் தாண்டியும் பிரெஞ்சு மையவாதிகளை விடவில்லை.

இனி தேர்தல் கணக்கு. இது புரிந்தால் பைரூவின் வாழ்க்கையில் பாதி புரிந்த மாதிரி. பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இரண்டு சுற்றுகள் உண்டு. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இரண்டு பேர் மட்டும் இரண்டு வாரம் கழித்து மறுபடி மோதுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பழகிய விஷயம். அங்கேயும் வாக்குச்சாவடி உண்டு, இரண்டு முறை போய் வர வேண்டும்.

ஒரு சின்னக் கிராமத்தில் 11 வாக்காளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு வலதுசாரி வேட்பாளர் பிடிக்கும்; அவர் இல்லாவிட்டால் மைய வேட்பாளர். நாலு பேருக்கு இடதுசாரி பிடிக்கும்; அவர் இல்லாவிட்டால் அவர்களுக்கும் மைய வேட்பாளர்தான். மீதி மூன்று பேருக்கு முதல் விருப்பமே மைய வேட்பாளர். முதல் சுற்றை எண்ணுங்கள்: நாலு, நாலு, மூன்று. மைய வேட்பாளர் வெளியே. ஆனால் அவரையும் வலதுசாரியையும் மட்டும் நிறுத்தியிருந்தால்? ஏழுக்கு நாலு, அவர்தான் ஜெயிப்பார். இடதுசாரியோடு நிறுத்தியிருந்தாலும் ஏழுக்கு நாலு. ஊரில் யாருக்கும் அவர்மேல் வெறுப்பு இல்லை. எட்டுப் பேருக்கு அவர் இரண்டாவது விருப்பம் என்பதுதான் சிக்கல், ஏனென்றால் முதல் சுற்றில் இரண்டாவது விருப்பத்தை எண்ணுவதற்கு இடமே கிடையாது. இப்படித் தனித்தனி மோதலில் எல்லோரையும் வெல்லக்கூடியவரைக் 'கொந்தோர்சே வெற்றியாளர்' என்பார்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே வாக்கெடுப்புக் கணக்குகளைப் பற்றி எழுதியது 1785இல், அதாவது பிரெஞ்சுப் புரட்சிக்கே நாலு வருடம் முன்பு. நாட்டில் சிக்கலைக் கண்டுபிடித்தவரும் உண்டு, சிக்கலில் மாட்டிக்கொண்டவரும் உண்டு.

மாட்டிக்கொண்டவர்களில் பைரூ முதல் ஆள் அல்ல. 1965இல் ழான் லெக்கானுவே என்ற மையவாதி 15 சதவீதத்துக்கு மேல் வாங்கி, அப்போதைய அதிபர் தெ கோல் போன்ற மாமலையையே இரண்டாவது சுற்றுக்குத் தள்ளினார். தான் மூன்றாவதாக நின்றார். 1969இல் இன்னொரு மையவாதி அலேன் போயேர் இரண்டாவது சுற்று வரை போய், தெ கோல் வழிவந்த பொம்பிதூவிடம் தோற்றார். 1974இல் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் மட்டும், நூலிழையில், அதிபரானார். அவரைச் சுற்றி இருந்த சின்னச் சின்ன மையக் கட்சிகளையும் தாராளவாதக் கட்சிகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர 1978இல் யு.டி.எஃப். என்ற கூட்டமைப்பு உருவானது. பைரூ வளர்ந்தது அந்தக் கூரையின் கீழ்தான்.

பைரூ பிறந்தது 1951 மே 25, பிரனே மலையடிவாரத்தில் பேயார்ன் பகுதியிலுள்ள போர்தேர் என்ற சிற்றூரில். அப்பா விவசாயி, அந்த ஊரின் மேயரும்கூட. பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயர் போ. தமிழில் எழுதினால் யாரையோ விரட்டுவது போல் இருக்கிறது, என்ன செய்வது, உச்சரிப்பு அதுதான். சிறு வயதில் பைரூவுக்குத் திக்குவாய். மேடைப் பேச்சையே பிழைப்பாக்கிக்கொண்ட ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல; இன்றும் அவர் பேச்சில் சில இடங்களில் ஒரு தயக்கம், சொல்லுக்கு முன் ஒரு நிதானம் தெரியும். லத்தீன், கிரேக்க இலக்கியம் படித்தார். 1974இல், 23 வயதில், ஆசிரியர்களுக்கான மிகக் கடினமான தேசியத் தேர்வான 'அக்ரெகாசியோ'வில் தேறினார். அதே ஆண்டு அப்பா பண்ணை விபத்தில் இறந்தார். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பண்ணையையும் பார்க்க வேண்டிவந்தது. பாரிசின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக அமைச்சர் அலுவலகத்துக்குப் போகும் வழக்கமான பிரெஞ்சு அரசியல்வாதி வார்ப்பு இது அல்ல. அது அவருக்கும் தெரியும். 2007 பிரசாரத்தில் டிராக்டரோடு எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்தது தற்செயல் இல்லை.

போ நகரத்துக்காரர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு: நாலாம் ஹென்றி மன்னர். 1553இல் போ கோட்டையில் பிறந்தவர். புரொட்டஸ்டன்ட்டாக வளர்ந்து, அரியணைக்காகக் கத்தோலிக்கராக மாறி, 1598இல் நாந்த் ஆணையால் மதப் போர்களை ஓயவைத்தவர். 1610இல் ஒரு கத்தோலிக்க வெறியன் கையால் கொலையுண்டவர். இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தி, இரண்டு தரப்பின் சந்தேகத்தையும் சம்பாதித்த மன்னர். பைரூ இவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார், அது நன்றாக விற்கவும் செய்தது. தன்னை எந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறார் என்பதை அவர் மறைத்ததே இல்லை.

நாடாளுமன்றத்துக்குள் அவர் நுழைந்தது 1986இல். அந்த ஆண்டு ஒரு விசேஷம் உண்டு. 1958இல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஐந்தாம் குடியரசின் வரலாற்றில் அந்த ஒரு முறைதான் நாடாளுமன்றத் தேர்தல் விகிதாசார முறையில் நடந்தது, அதாவது வாங்கிய ஓட்டுக்கு ஏற்பச் சீட்டு. மற்ற எல்லாத் தேர்தல்களும் இரண்டு சுற்றுதான். பிற்காலத்தில் விகிதாசார முறை வேண்டும் என்று பைரூ கேட்காத நாள் இல்லை. 11 பேர் கிராமத்தை நினைத்துக்கொண்டால் காரணம் தானே விளங்கும்.

1993இல் கல்வி அமைச்சர். பலதூர், ஜூப்பே என்று இரண்டு வலதுசாரிப் பிரதமர்களின் கீழ் 1997 வரை அந்தப் பதவியில் இருந்தார். முதல் பெரிய அடி அங்கேதான் விழுந்தது. தனியார் பள்ளிகளுக்கு உள்ளாட்சிகள் கொடுக்கும் உதவிக்கு வரம்பு வைத்த 1850ஆம் ஆண்டின் ஃபலூ சட்டத்தைத் தளர்த்தப் பார்த்தார். பிரான்சில் தனியார் பள்ளி என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளி. அரசு வேறு, மதம் வேறு என்பது அங்கே தொட்டால் சுடும் விஷயம். 1994 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் அவருடைய புதுச் சட்டத்தின் முக்கியப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் கோபம் அடங்காமல் லட்சக்கணக்கானவர்கள் பாரிஸ் தெருக்களில் இறங்கினார்கள். அதன்பின் அவர் அமைச்சராக இருந்த காலம் முழுதும் ஆசிரியர் சங்கங்களைச் சீண்டாமல் ஓட்டினார். குறை சொன்னவர்கள் அதைச் சோம்பல் என்றார்கள்.

1998இல் யு.டி.எஃப். தலைவரானார். 2002இல் வலதுசாரிகள் எல்லோரையும் ஒரே கட்சியாக்க அப்போதைய அதிபர் சிராக்கின் ஆட்கள் துலூஸ் நகரில் பெரிய கூட்டம் போட்டார்கள். பைரூ அழைப்பில்லாத விருந்தாளி மாதிரி அங்கே போய், மேடையேறி, கூச்சலுக்கு நடுவே தன் மறுப்பைச் சொன்னார். எல்லோரும் ஒன்றையே நினைக்கிறோம் என்றால் யாரும் எதையும் நினைக்கவில்லை என்றுதான் பொருள் என்பது அவர் வாதம். அவர் கட்சி எம்.பி.க்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் தாவினார்கள்.

சில வாரங்களில் இன்னொரு காட்சி. அதிபர் தேர்தல் பிரசாரத்துக்காக ஸ்ட்ராஸ்பூர் நகரத்தின் புறநகர் குடியிருப்பு ஒன்றுக்குப் போயிருக்கிறார். இளைஞர்கள் கூச்சல், கல்வீச்சு. கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு சிறுவன் அவர் பையில் கை விடுகிறான். பைரூ சட்டென்று திரும்பிக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, என் பையில் கை விடாதே என்கிறார். அடியென்றும் சொல்ல முடியாது, செல்லத் தட்டென்றும் சொல்ல முடியாது, ஒரு வாத்தியாரின் தட்டு. பைரூ என்றால் யாரென்று தெரியாத வீடுகளுக்கெல்லாம் அன்று அவர் முகம் போய்ச் சேர்ந்தது. மென்மையான ஆள் என்று நினைத்தோமே என்று நாடு நிமிர்ந்து பார்த்தது. பத்து ஆண்டு அரசியல் செய்யாததை ஒரு நொடி செய்துவிட்டது என்பது எனக்கு இன்றும் சற்று வருத்தமான வேடிக்கைதான். அந்தத் தேர்தலில் அவருக்கு 6.84 சதவீதம்.

அடுத்தது 2007. அவருடைய உச்சம். 18.57 சதவீதம், ஏறக்குறைய 68 லட்சம் ஓட்டு. சார்கோசிக்கு 31, ருவாயலுக்கு 26. அந்தப் பிரசாரத்தில் அவர் விடாமல் பேசிய ஒரு விஷயம் நாட்டின் கடன். பற்றாக்குறை பட்ஜெட்டுக்கு அரசியலமைப்பிலேயே தடை வேண்டும் என்றார். அப்போது பிரான்சின் பொதுக்கடன் 1.2 லட்சம் கோடி யூரோ அளவில் இருந்தது. ஓட்டுக் கேட்கப் போகிறவர் கடனைப் பற்றிப் பேசலாமா என்று சிரித்தார்கள். இந்தக் கடனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

மூன்றாவதாக வந்தவரிடம் இப்போது 68 லட்சம் ஓட்டு இருக்கிறது. யாருக்குக் கை காட்டுவார்? யாருக்கும் காட்டவில்லை. சார்கோசிக்குப் போட மாட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இங்கேதான் இரண்டு சுற்று முறை இன்னொரு முறை கழுத்தைப் பிடித்தது. நாடாளுமன்றத் தேர்தலிலும் இரண்டு சுற்று என்பதால், மையக் கட்சி எம்.பி. ஒருவர் ஜெயிக்க வேண்டுமென்றால் தன் தொகுதியில் பெரிய வலதுசாரிக் கட்சி ஆளை நிறுத்தாமல் விட வேண்டும். தலைவர் சுதந்திரமாக இருக்கலாம், எம்.பி.யால் முடியாது. ஆகவே அவருடைய எம்.பி.க்களில் பெரும்பாலோர் சார்கோசி பக்கம் போய்த் தனிக் கட்சி கண்டார்கள். பைரூ 'ஜனநாயக இயக்கம்' என்று புதுக் கட்சி தொடங்கினார். பிரெஞ்சில் சுருக்கப் பெயர் மோடெம். இணையத்துக்கான பெட்டியோடு இதற்குச் சம்பந்தமில்லை என்றாலும், இணைப்பு அடிக்கடி அறுந்தது என்பதில் ஒற்றுமை உண்டு. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சீட்டுக் கிடைத்தது. 2008இல் போ நகர மேயர் தேர்தலில் சில நூறு ஓட்டில் தோல்வி.

2012இல் மறுபடி நின்று 9.13 சதவீதம். இந்த முறை ஒரு படி மேலே போய், இரண்டாவது சுற்றில் தன் சொந்த ஓட்டு சோசலிஸ்ட் ஒலாந்துக்கு என்று அறிவித்தார். வலதுசாரிகளுக்கு அது துரோகம். அடுத்த மாதமே அவர் தொகுதியில் ஆளை நிறுத்தினார்கள். சோசலிஸ்ட்டுகளும் நன்றிக்கடன் என்று விட்டுக்கொடுக்கவில்லை. மும்முனைப் போட்டியில் ஒரு சோசலிஸ்ட் ஜெயித்தார். 1986இல் தொடங்கியவர் சீட்டை இழந்தார். மையம் வலதும் அல்ல, இடதும் அல்ல என்று சொல்லிக்கொண்டால் தேர்தல் நாளில் இரண்டு பேரும் அதை நம்பிவிடுவார்கள். 2014இல் வலதுசாரிகளோடு சமாதானமாகி, அவர்கள் ஆதரவோடு போவின் மேயரானார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டியது. 2017இல் எம்மானுவேல் மக்ரோன் என்ற 39 வயதுக்காரர், வலதும் இடதும் சேர்ந்தது நான் என்று பைரூ பல காலமாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தார். அதே சரக்குதான், கடை புதுசு. பைரூ முதலில் அவரைக் கடுமையாகச் சாடியவர். ஆனால் அந்த பிப்ரவரியில் தான் நிற்காமல் விலகி மக்ரோனோடு கூட்டணி வைத்தார். மக்ரோன் முதல் சுற்றில் 24 சதவீதத்தோடு முதலிடம், இரண்டாவது சுற்றிலும் ஜெயித்து அதிபரானார். சோசலிஸ்ட் கட்சி சரிந்து கிடந்தது, வலதுசாரி வேட்பாளர் ஃபியோன் ஊழல் புகாரில் சிக்கியிருந்தார். 11 பேர் கிராமத்தில் நாலு நாலாக நின்றவர்கள் சிதறினால் மூன்று பேர் போதும் என்பதற்கு இதுதான் நேரடி உதாரணம்.

பைரூவுக்குப் பரிசாகச் சட்ட அமைச்சர் பதவி வந்தது. அரசியலைத் தூய்மைப்படுத்தும் சட்டம் அவர் மேசையில். ஐந்து வாரத்தில் அவரே ராஜினாமா செய்ய வேண்டிவந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் சம்பளம் கொடுத்த உதவியாளர்கள் கட்சி வேலை பார்த்தார்கள் என்ற விசாரணை. 2024 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் சந்தேகத்தின் பலனை அளித்து அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது.

2024 ஜூனில் மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். வந்த அவையில் 577 இடங்கள் இடது, மையம், லெ பென்னின் தீவிர வலது என்று மூன்றாக உடைந்து கிடந்தன. பெரும்பான்மைக்கு 289 வேண்டும், யாரிடமும் இல்லை. மிஷெல் பார்னியே மூன்று மாதம் பிரதமராக இருந்து நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தார். டிசம்பர் 13 அன்று பைரூ பிரதமரானார், 73 வயதில். அது நாலாம் ஹென்றியின் பிறந்த நாள் என்பதைப் பதவியேற்ற அன்று அவரே எடுத்துச் சொன்னார். முன்னால் இமயமலை நிற்கிறது என்றும் சொன்னார்.

முதல் சறுக்கல் மூன்றே நாளில். சிதோ புயல் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான மயோத்தைச் சிதைத்திருந்த நேரத்தில், அவர் அரசு விமானம் ஏறிப் போ நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். மேயர் பதவியை விட மனமில்லை. பிப்ரவரியில் மட்டும் மைய அரசியல் நிஜமாகவே வேலை செய்தது: 4,000 ஆசிரியர் பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தைக் கைவிட்டார், ஓய்வூதியச் சீர்திருத்தத்தைத் தொழிற்சங்கங்களோடு மறுபடி பேசலாம் என்றார், பதிலுக்குச் சோசலிஸ்ட்டுகள் அரசைக் கவிழ்க்காமல் விட்டார்கள், பட்ஜெட் நிறைவேறியது. அந்தப் பேச்சுவார்த்தை கோடையில் முறிந்ததும் பாலமும் போயிற்று. நடுவே, போ அருகே பெத்தாராம் கத்தோலிக்கப் பள்ளியில் பல பத்தாண்டுகளாக மாணவர்கள் மீது நடந்த வன்முறையும் பாலியல் கொடுமைகளும் வெளியே வந்தன. அவர் பிள்ளைகள் படித்த பள்ளி, அவர் கல்வி அமைச்சராக இருந்த காலம். எப்போது, எவ்வளவு தெரியும் என்று நாடாளுமன்றக் குழு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கேட்டது. எதையும் மறைக்கவில்லை என்றார் அவர். மக்களிடம் அவர் செல்வாக்கு மேலும் சரிந்தது.

இப்போது அந்தக் கடன். 2025இல் அது 3.3 லட்சம் கோடி யூரோவைத் தாண்டி, நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 114 சதவீதமாக நின்றது. ஜூலையில் பைரூ 4,380 கோடி யூரோ சிக்கனத் திட்டம் ஒன்றை வைத்தார். ஈஸ்டர் திங்கள், மே 8 ஆகிய இரண்டு அரசு விடுமுறைகளை எடுத்துவிடலாம் என்பதும் அதில் இருந்தது. பிரெஞ்சுக்காரரிடம் வரியைக்கூடக் கேட்கலாம், விடுமுறையைக் கேட்கக்கூடாது. இடது, தீவிர வலது, தொழிற்சங்கம் என்று அத்தனை பேரும் எதிர்த்தார்கள்.

ஆகஸ்ட் 25 அன்று அவர் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரும் வரை காத்திருக்காமல், தானே நம்பிக்கை வாக்குக் கேட்டார். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், கணக்கு வேறு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஜெயிக்க 289 பேர் அதை ஆதரிக்க வேண்டும். வராதவர்களும் நடுநிலை வகிப்பவர்களும் அரசுக்கே சாதகம். நம்பிக்கை வாக்கில் போட்ட ஓட்டில் அதிகம் எது என்பது மட்டும்தான். சும்மா இருப்பவரால் பிழைத்து வந்த ஓர் அரசு, அந்தச் சும்மா இருக்கும் வசதியைத் தானே எடுத்துவிட்டது. ஏன் செய்தார்? கடனை நாடு ஒரு முறையாவது நேருக்கு நேர் பார்க்கட்டும் என்று என்றார் அவர். எனக்கென்னவோ, வாழ்நாள் முழுதும் யாருடைய முதல் விருப்பமாகவும் இல்லாத ஒருவர், கடைசியில் ஒரு முறை நேரடியாக ஆம், இல்லை என்று கேட்டுப் பார்த்தது போல இருந்தது.

செப்டம்பர் 8 அன்று, அரசைக் கவிழ்க்க உங்களால் முடியும், நிஜத்தை அழிக்க முடியாது என்று அவையில் சொன்னார். ஆதரவு 194, எதிர்ப்பு 364. அரசில் பங்கேற்ற வலதுசாரிக் கட்சியிலேயே சிலர் எதிர்த்துப் போட்டார்கள். ஐந்தாம் குடியரசில் நம்பிக்கை வாக்கைத் தானே கேட்டுத் தோற்ற முதல் பிரதமர் அவர்தான். மறுநாள் ராஜினாமா, செபஸ்தியான் லெக்கோர்னு வந்தார். பிரதமர் பதவி போனது. போ நகர மேயர் பதவி அவரிடம் அப்போதும் இருந்தது.